இரண்டாம் நம்பர் ஜன்னல்

வெர்டீன் ஹாஸ்கெட்டும் நானும் இருபத்திரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். மாவட்ட அலுவலகத்தில் முதல் நம்பர் ஜன்னல் எனக்கு, இரண்டாம் நம்பர் ஜன்னல் அவளுக்கு. வண்டிக்கு நம்பர் பிளேட், நாய்க்கு லைசென்ஸ், கல்யாணத்துக்கு லைசென்ஸ், செத்தால் புதைக்க அனுமதிச் சீட்டு, எது வேண்டுமானாலும் எங்களிடம்தான் வந்தாக வேண்டும். ஸ்நேக் ஆற்றங்கரையில் வெங்காயமும் சர்க்கரை எடுக்கிற பீட்ரூட்டும் போட்டுப் பிழைக்கிற சின்ன மாவட்டம். அதற்கு இரண்டு ஜன்னலே அதிகம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஜன்னலில் எப்போதும் ஆள் நிற்கும், என் ஜன்னலில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் பாஸ்க் இனத்துக்காரி, கடல்தாண்டி ஆடு மேய்க்க வந்தவரின் பேத்தி, கத்தோலிக்கச்சி வேறு. அதனால்தான் ஒதுக்குகிறார்கள் என்று நினைத்து ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏன் வெர்டீன், என் மூஞ்சியில சாணியா அப்பியிருக்கு? நாய் லைசென்ஸுக்குக்கூட உன்கிட்டதான் வரிசைகட்டி நிக்கிறாங்க."

"அவங்க நாய்க்காக வரல, எடுர்னே."

"பின்ன என்னத்துக்கு?"

"என்கூடப் பேசறதுக்கு. வேற எங்கயும் பேசக்கூடாது."

அவள் முதற்பலன் சபையில் பிறந்தவள். எங்கள் மாவட்டத்தில் பாதிப்பேர் அந்தச் சபைதான். உடம்புக்கு வந்தால் டாக்டரிடம் போக மாட்டார்கள். மூப்பர்கள் வந்து நெற்றியில் ஒலிவ எண்ணெய் பூசி, கை வைத்து ஜெபிப்பார்கள். பிழைத்தால் கர்த்தர் கிருபை. செத்தால், வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைவு. பிள்ளை செத்தாலும் பெற்றவர்கள் மேல் வழக்குக் கிடையாது. ஜெபித்தவர்களைத் தண்டிக்கக்கூடாது என்று மாநிலச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மாட்டுக்கு மட்டும் கால்நடை டாக்டர் வரலாம், ஊசி போடலாம். "பசு மாட்டுக்கு விசுவாசம் கிடையாதே, அது என்ன பண்ணும் பாவம்" என்பாள் வெர்டீன், சிரிக்காமல்.

1957-இல் அவளுக்கு இருபத்துநாலு வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம். புருஷன் ஹார்லனுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. மூன்று நாள் ஜெபம் நடந்தது. மூன்றாம் நாள் அவன் நினைவு தப்பிக் கிடந்தபோது மூப்பர்கள் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார்கள். இவள் போர்வையோடு அவனை இழுத்து பிக்கப் வண்டியில் போட்டு பாய்சி நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஒண்ணரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனாள். அவன் பிழைத்துக்கொண்டான். திரும்பி வந்ததும் இரண்டு பேரும் சபை நடுவில் நின்று 'செய்தது பாவம்' என்று சொல்ல வேண்டும் என்றார்கள். ஹார்லன் எழுந்து நின்று சொன்னான். அவனுக்கு என்ன, நினைவில்லாமல் கிடந்தவன், சுலபமாக மன்னித்துவிட்டார்கள். வெர்டீன் எழுந்திருக்கவே இல்லை.

அன்றைக்கு அவளை ஒதுக்கிவைத்தார்கள். அவளோடு யாரும் பேசக்கூடாது, ஒரே மேஜையில் சாப்பிடக்கூடாது. புருஷனும்தான். ஹார்லன் துணிமணியை எடுத்துக்கொண்டு இரண்டு மைல் தள்ளியிருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். விவாகரத்துக்கும் சபையில் இடமில்லை என்பதால் சட்டப்படி அவர்கள் புருஷன் பெண்டாட்டியாகவே இருந்தார்கள். நானாக இருந்தால் வீட்டுக்கு நெருப்பு வைத்துவிட்டுப் பாய்சிக்குக் கிளம்பியிருப்பேன். அவள் போகவில்லை. மாவட்ட அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் மனுப் போட்டாள்.

ஏனென்றால் மூப்பர்கள் ஒன்றை மட்டும் அனுமதித்திருந்தார்கள். அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும். ஆகவே அரசாங்க ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் அலுவல் விஷயமாகப் பேசினால் பாவமில்லை.

அவள் தங்கை இடெல்லா இந்த அனுமதியை எப்படிப் பயன்படுத்தினாள் என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வீட்டில் ஒரே ஒரு நாய். அதற்கு வருஷத்தில் நாலு தடவை வருவாள்.

"மேடம், நாய் நிறம் பழுப்புன்னு எழுதியிருக்கீங்க. இப்பக் கொஞ்சம் வெளுத்திருக்கு. மாத்திக்கணுமா?"

"எவ்வளவு வெளுத்திருக்கு மேடம்?"

"மூஞ்சிகிட்ட மட்டும். வயசாகுதில்ல. எங்கம்மாவுக்கும் ஆகுது. முட்டி வலி. இந்த மாசம் வரி கட்ட அவங்களால வர முடியாது, நான்தான் வருவேன்."

"அவங்களைக் கால் நீட்டி உக்காரச் சொல்லுங்க மேடம். வரிக்கு அவசரமில்ல."

கூடப் பிறந்தவளை அவள் மேடம் என்பாள், இவளும் திருப்பி மேடம் என்பாள். எனக்கு முதலில் சிரிப்பு வரும், அப்புறம் வராது. ஜனவரியில் ஹார்லன் வண்டிக்குப் பிளேட் புதுப்பிக்க வருவான். அன்றைக்கு வெர்டீன் நீலக் கவுன் போட்டுக்கொண்டு வருவாள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். பழைய ஸ்க்ரூ துருப்பிடித்திருக்கிறது என்பான். எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவைத்துக் கழற்றுங்கள் என்பாள் இவள். பத்து நிமிஷம். வருஷத்துக்குப் பத்து நிமிஷம், அதுதான் அவர்கள் குடும்பம் நடத்திய லட்சணம். நான் அந்தப் பத்து நிமிஷமும் எழுந்து பின்பக்கம் போய்விடுவேன்.

1983 மே மாதம் இடெல்லாவின் மகள் ட்விலா கல்யாண லைசென்ஸ் வாங்க வந்தாள். பத்தொன்பது வயது. கூட மாப்பிள்ளை ஓரின், காவலுக்கு இடெல்லா. வெர்டீன் அந்தப் பெண்ணைக் கைக்குழந்தையாகக்கூடப் பார்த்ததில்லை. முதல் முறையாகக் கிட்டத்தில் பார்க்கிறாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அப்போதெல்லாம் மணப்பெண் ஒரு ரத்தப் பரிசோதனைச் சான்று கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் 'இது எங்கள் மதத்துக்கு விரோதம்' என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முதற்பலன் சபைக்காரர்கள் எல்லாருமே கையெழுத்துப் போடுகிறவர்கள்தான். அதில் அவர்களுக்கு ஒரு பெருமைகூட உண்டு. சபைப் பெண்கள் அந்தப் படிவத்தின் நகலைக் கல்யாணப் போட்டோவோடு வைத்திருப்பார்கள்.

"பெரியம்மா, இந்த ரத்தப் பரிசோதனை எதுக்கு?" என்று கேட்டாள் ட்விலா.

பெரியம்மா என்ற வார்த்தை வாய் தவறி வந்துவிட்டது. இடெல்லா அவள் முழங்கையில் கிள்ளினாள். ஓரின் காதுவரை சிவந்து போனான். அந்தப் பரிசோதனை கெட்ட நடத்தையால் வருகிற நோய்க்கு என்று சபையில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கு அதெல்லாம் தேவைப்படாது மேடம். படிவத்தைக் குடுங்க" என்றாள் இடெல்லா, தாடையைத் தூக்கி.

எதற்கு அந்தப் பரிசோதனை என்று வெர்டீனுக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும். சுகாதார நர்ஸ் வந்து எங்கள் இரண்டு பேருக்கும் அரை நாள் பாடம் எடுத்திருந்தாள். அது ருபெல்லா அம்மைக்கானது. முன்பே வந்துபோன பெண்ணுக்குப் பயமில்லை. வராதவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஊசி போட்டால் தீர்ந்தது. போடாமல் விட்டு, கர்ப்பத்தின் முதல் மாதங்களில் அந்த அம்மை வந்தால், வயிற்றுப் பிள்ளைக்குக் கண், காது, இதயம் எல்லாம் கெட்டுப்போகும். இதையெல்லாம் சொல்லுகிற அறிவிப்பைத் தட்டச்சு செய்ததே வெர்டீன்தான்.

அவள் வாய் திறந்தது. நான் பார்த்தேன். பிறகு மூடிக்கொண்டது. இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்து, "இங்க போடும்மா கையெழுத்து" என்றாள்.

அவர்கள் போனதும், "ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நேரா மூப்பர்கிட்டப் போவா இடெல்லா. ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு எங்களுக்கு வைத்தியம் போதிக்கிறான்னு சொல்வா. இதையும் மூடிடுவாங்க. எனக்கு இது ஒண்ணுதான இருக்கு."

"சரி விடு, ஆயிரத்துல ஒருத்திக்குத்தான் அப்படி ஆகும்" என்றேன் நான். இப்படித்தான் சொன்னேன். எவ்வளவு லேசாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் என் வாயில் சூடு போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அடுத்த பிப்ரவரியில் சபை முழுக்க ஒரு சிவப்புத் தடிப்பு பரவியது. மூன்று நாள் அரிப்பு, கொஞ்சம் காய்ச்சல், பிறகு போய்விடும். அது இவ்வளவு லேசாக இருந்ததால் மூப்பர்கள் எண்ணெய்ப் புட்டியைக்கூடத் திறக்கவில்லை. இடெல்லா நாய் விஷயமாக வந்தவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"வீட்ல எல்லாரும் தக்காளி மாதிரி சிவந்து கிடக்கோம் மேடம். நல்லவேளை நாய்க்கு வரல. என் மகளுக்கும் வந்து போயிடுச்சு. அவ வேற முழுகாம இருக்கா, ரெண்டு மாசம்."

வெர்டீன் பேனாவைக் கீழே வைத்தாள். "ரெண்டு மாசமா?"

"ஆமா மேடம். நான் பாட்டியாகப் போறேன்."

"நல்லது மேடம்" என்றாள் வெர்டீன். இடெல்லா படியிறங்கும்வரை உட்கார்ந்திருந்தாள். அன்று மத்தியானமே சுகாதார நர்ஸுக்குப் போன் போட்டு, இனி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றார்கள். அதற்குப் பிறகு ஏழு மாதம் அவள் காத்திருந்தாள். சில பிள்ளைகளுக்கு ஒன்றுமே ஆகாதாம் என்று தினமும் ஒரு தடவையாவது என்னிடம் சொல்வாள். நானும் ஆகாது, ஆகாது என்பேன்.

செப்டம்பரில் பெண் குழந்தை பிறந்தது. கெசியா என்று பேர் வைத்தார்கள். பதிவு செய்ய வந்த இடெல்லாவின் முகத்தில் சிரிப்பில்லை.

"கண்ணுல பால் படிஞ்ச மாதிரி இருக்கு மேடம். பால் குடிக்கிறப்ப மூச்சு வாங்குது. ஜெபிச்சுக்கிட்டிருக்கோம்."

வெர்டீன் ஜன்னல் கம்பிக்குக் கிட்டே குனிந்தாள். "இடெல்லா, அது இதயம். பாய்சியில சரிபண்ணுவாங்க. சின்ன ஆபரேஷன்தான். நான் ஓட்டறேன், நீ கூட உக்காரக்கூட வேணாம்..."

"பிறப்புச் சான்றிதழ் கேட்டு வந்தேன் மேடம்" என்றாள் இடெல்லா, சத்தமாக, கூடத்தில் இருக்கிற எல்லார் காதிலும் விழும்படி. சான்றிதழை வாங்கிக்கொண்டு போனவள் அந்த வருஷம் நாய்க்காக மறுபடி வரவில்லை.

ஜனவரியில் குழந்தை இறந்தது. நாலு மாதம் இருந்தது. பிணப் பரிசோதகர் வந்து பார்த்து 'இதயக் கோளாறு' என்று எழுதினார். அரசு வக்கீல், பெற்றவர்கள் மத நம்பிக்கைப்படி ஜெபித்தார்கள், குற்றம் எதுவுமில்லை என்று ஒரே ஒரு தாளில் முடித்துவிட்டார். அந்தத் தாளும் எங்கள் அலமாரிக்குத்தான் வந்தது.

புதைக்க அனுமதி வாங்க ட்விலாவே வந்தாள். ஓரின் வாசலில் வண்டியில் உட்கார்ந்திருந்தான். அந்தப் பெண்ணின் மேல்சட்டையில் பால் கசிந்து காய்ந்திருந்தது. வெர்டீன் சீட்டை எழுதி முத்திரை குத்தி நீட்டினாள். ட்விலா வாங்கவில்லை.

"பெரியம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? அலுவல் விஷயம் இல்ல."

"கேளும்மா."

"என் விசுவாசம் குறைஞ்சதாலதான் இப்படி ஆச்சுன்னு மூப்பர் சொல்றார். ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி நின்னு நான் மன்னிப்புக் கேக்கணும். எந்த நாள்ல நான் சந்தேகப்பட்டேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். ஞாபகமே வர மாட்டேங்குது. நீங்களும் விசுவாசம் போனவங்கதான. அது போறப்ப எப்படி இருக்கும்? நமக்குத் தெரியுமா?"

நான் ஸ்டேப்ளரைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தேன். வெர்டீன் என் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அந்தச் சிவப்புத் தடிப்பு என்ன, அது பிள்ளையை என்ன செய்யும், கையெழுத்துப் போட்டு வேண்டாம் என்று தள்ளிய பரிசோதனை எதற்கு, எல்லாம். குரல் உயரவே இல்லை.

"உன் விசுவாசத்துல ஒரு குறையும் இல்ல கண்ணு. அது வெறும் அம்மை."

ட்விலா கம்பிக்குக் கிட்டே வந்தாள். "அன்னிக்கு நான் கேட்டேனே, எதுக்குன்னு. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க யாரும் இங்க வர மாட்டீங்கன்னு."

ட்விலா ஜன்னலைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், வெர்டீனைப் பார்த்தாள்.

"இதுக்கா?" என்றாள். "எங்கம்மா வந்து நாயைப் பத்திப் பேசறதுக்கா?"

சீட்டை எடுத்து மடித்துக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலம் அலுவலகம் மூடும்வரை வெர்டீன் வேலை பார்த்தாள். ஒரு தப்பும் இல்லாமல் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ட்விலா சபை நடுவில் நின்று, மன்னிப்புக் கேட்க மாட்டேன், என் பிள்ளை செத்தது அம்மையால் என்று சொல்லிவிட்டாளாம். யார் சொல்லிக் கொடுத்தது என்று விசாரிக்க அவர்களுக்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. அவள் துக்கத்தில் இருக்கிறாள், போகட்டும் என்று விட்டார்கள். ஜன்னலைத்தான் மூடினார்கள். அன்று முதல் சபைக்காரர்களின் படிவங்களை எல்லாம் மூப்பர் டெல்மர் ஒருவரே கட்டாகக் கட்டித் திங்கட்கிழமை கொண்டுவருவார், அதுவும் என் ஜன்னலுக்கு. இரண்டாம் நம்பர் ஜன்னலின் பக்கம் அவர் தலை திரும்பாது. ஹார்லன் அந்த வருஷம் இன்னும் பிளேட் மாற்றியிருக்கவில்லை. ஜனவரி முடியும்வரை வெர்டீன் நீலக் கவுனையே துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். முப்பத்தோராம் தேதி ஹார்லனின் பிளேட்டை டெல்மர் வாங்கிக்கொண்டு போனார்.

"ட்விலாகிட்டச் சொன்னதுக்கு இப்ப வருத்தப்படறியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சொன்னதுக்கு இல்ல. ஒண்ணரை வருஷம் லேட்டாச் சொன்னேனே, அதுக்கு."

நாலு வருஷம் இப்படியே ஓடியது. அவள் அம்மா இறந்ததுகூட டெல்மர் என்னிடம் நீட்டிய படிவத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. ட்விலாவுக்கு மறுபடி ஒரு பையன் பிறந்ததும் அப்படித்தான். கண் நன்றாகத் தெரிகிறதா என்று டெல்மரிடம் நான் கேட்டேன். தெரிகிறது என்றார். வெர்டீன் பக்கத்து ஜன்னலில் தலையைக் குனிந்துகொண்டாள்.

1989 அக்டோபரில், வெங்காய அறுவடை சமயம், ஒரு திங்கட்கிழமை டெல்மர் வந்தார். கட்டுக்குள் ஒரே ஒரு தாள்தான் இருந்தது. என் முன்னால் வைத்தார். ஹார்லன் ஹாஸ்கெட், வயது ஐம்பத்தெட்டு.

நான் தாளைக் கையால் மறைக்கப் பார்த்தேன். அவள் அதற்குள் படித்துவிட்டாள். முப்பது வருஷமாகத் தாள்களைத் தலைகீழாகப் படித்துப் பழகியவள்.

"இறந்தவருக்குச் சட்டப்படி மனைவி இருக்காங்க. அவங்க கையெழுத்து வேணுமா மேடம்?" என்று டெல்மர் என்னைக் கேட்டார். மனைவி மூன்று அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வேணும்" என்றேன்.

வெர்டீன் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். "என்ன ஆச்சு அவருக்கு?"

டெல்மர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேக்கறேன்யா," என்றேன். "இது என் ஜன்னல். என்ன ஆச்சு அவருக்கு?"

"கால்ல ஆணி குத்திடுச்சு மேடம். புண்ணு மேல ஏறிடுச்சு. ரெண்டு வாரம் கிடந்தார்."

"வலி இருந்துச்சா?" என்றாள் வெர்டீன்.

"வலி இருந்துச்சா?" என்றேன் நான்.

"இருந்துச்சு."

"ஏதாவது கேட்டாரா?" இதை நானாகத்தான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

டெல்மர் தொப்பியைக் கையில் சுற்றினார். கெட்ட மனுஷர் இல்லை அவர், அதுதான் எனக்கு இன்னும் கோபம். "கடைசி ரெண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொல்லிக்கிட்டே இருந்தார் மேடம். அவர் சம்சாரத்தைக் கூப்பிடச் சொன்னார், அவ ஓட்டுவான்னார். காய்ச்சல்ல பிதற்றுறார்னு விட்டுட்டோம்."

வெர்டீன் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, மனைவி என்று போட்டிருந்த கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டாள். நான் முத்திரை குத்தினேன். டெல்மர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே அவர் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. அவள் தன் நாற்காலிக்குத் திரும்பவில்லை. என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு நாள் இருந்துச்சு எடுர்னே," என்றாள். "எனக்கு ஒண்ணரை மணி நேரம் போதும்."